மலேசியத் தோட்டப்புறத்தில் செலவில்லா இயற்கை வேளாண்மை கைகூடுமா?

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கால் ஏக்கரில் சுபாஷ் பாலேக்கரின் 'ஜீரோ பட்ஜெட்' முறை பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வட்டாரத்தில் காய்கறி பயிரிட்டு வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலன் தரும். ஆனால் ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலிலிருந்து அல்ல, மண்ணைத் தழையாலும் ஓலையாலும் மூடிவைக்கும் மூடாக்கிலிருந்து தொடங்குங்கள்.

இம்முறையைப் பரப்பி, 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பாலேக்கர், மழை பொய்த்தால் உழவர் கடனில் மூழ்கும் மகாராஷ்டிரத்தின் விதர்பாவைச் சேர்ந்தவர். பீஜாமிர்தம் (விதை நேர்த்திக் கரைசல்), ஜீவாமிர்தம், மூடாக்கு, வாப்சா (மண்ணில் ஈரமும் காற்றும் சேர்ந்த நிலை) என்பவை இம்முறையின் நான்கு தூண்கள். அவற்றில் மூடாக்கு அங்கே முதன்மையாக ஈரத்தைக் காக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நம் நாட்டிலோ, மேல்மண்ணும் சத்தும் அடித்துச் செல்லப்படாமல் தடுப்பதே அதன் பெரிய வேலை. வெட்டிப் போட்ட செம்பனை ஓலை, காய்ந்த லாலான் புல், வாழை மட்டை என எதைப் பரப்பினாலும் களை அடங்கும். களைக்கொல்லியின் தேவையும் அதனோடு குறையும். பராகுவாட் என்ற களைக்கொல்லி நஞ்சை நம் தோட்டத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், முதுகில் சுமந்து தெளித்த காலத்தை நினைத்தால் இந்த ஒரு பயனுக்காகவே இம்முறையை வரவேற்பேன். 2020 ஜனவரி முதல் பராகுவாட் இங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது.

வாப்சாவுக்கு வேரைச் சுற்றி ஈரத்தோடு காற்றும் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் மண்ணில் அது வாய்க்காது என்பதால், ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, இடையில் வடிகால் வெட்டிவிடுங்கள். ஓரங்களில் பயற்றங்காயும் தட்டைப்பயறும் போட்டால், அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும். அறுவடைக்குப் பின் கொடியையும் வேரையும் மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.

ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்பது ஜீவாமிர்தக் கணக்கு. உங்களுக்குக் கால்பங்கு போதும். நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கி, மண்ணில் ஊற்றுங்கள். பச்சைச் சாணம் கலந்தது என்பதால் பறிக்கப்போகும் கீரையின் இலைமேல் படக்கூடாது. இதை உரம் என்று நம்பிவிடாதீர்கள். நுண்ணுயிர் பெருக இது உதவலாம். பயிர் எடுத்துச் செல்லும் சத்து முழுவதையும் இந்தச் சிறிதளவு சாணம் ஈடுகட்டாது. அந்த வேலையை மட்கும் மூடாக்கும் பயறுவகைகளும் செய்ய வேண்டும். இதற்காக மாடு வாங்கவும் வேண்டாம். பக்கத்தில் மாடு வளர்ப்பவரிடம் கேட்டால் சாணம் கிடைக்கும்.

ஒரு செலவை மட்டும் தவிர்க்காதீர்கள். நம் மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை மிகுந்தது. கார அமிலக் குறியீட்டைச் சோதித்துவிட்டு, தேவையான அளவு டோலமைட் சுண்ணாம்பை முதல் நடவுக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.