34 வாரம், 2.1 கிலோ: குழந்தை வளரவில்லையா?

ஸ்கேன் ரிப்போர்ட்டை வரிக்கு வரி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "இரண்டு நாளாக அசைவு குறைவு; வயிற்றில் இடம் போதவில்லை, அதனால்தான் என்கிறார் அத்தை" என்று முடித்திருக்கிறீர்கள், அம்மா. முதல் வரியில் எழுத வேண்டியது அது! கடிதம் கிடைத்ததுமே உங்களை மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். இது மற்றவர்களுக்காகவும்தான்.

மாதம் ஏற ஏற, சுள்ளென்று உதைப்பது போய் நெளிவதும் புரள்வதுமாக மாறலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. இடமில்லை என்பது காரணமே இல்லை. சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கம்போல் இல்லை என்று மனசுக்குப் பட்டால், அப்போதும் போக வேண்டியதுதான். ஆன்லைனில் வாங்கிய கருவியில் இதயத் துடிப்பு கேட்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

சரி, எடைக்கு வருவோம். 2.1 கிலோ தராசில் நிறுத்தது இல்லை. தலை, வயிறு, தொடை எலும்பு இவற்றை அளந்து போட்ட கணக்கு. நிஜ எடை அதைவிட 10, 15 சதவீதம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அந்த வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோவுக்குக் கீழே போனால்தான் சிறிய குழந்தை என்போம். ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது வயிற்றுச் சுற்றளவை. நஞ்சுக்கொடியிலிருந்து ஊட்டம் சரியாக வராவிட்டால் குழந்தையின் ஈரலில் சேமிப்பு கரையும், வயிறு வளராமல் நிற்கும். உங்களுக்கு அது கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. அதனால் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ச்சியை அளக்க 2, 3 வார இடைவெளி வேண்டும். நீங்கள் கேட்பதுபோல் வாராவாரம் அளந்தால், வளர்ந்தது எவ்வளவு, அளவுப் பிழை எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

கழுத்தில் ஒரு சுற்றுக் கொடி, நிறையக் குழந்தைகளுக்கு இருப்பதுதான். மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பதையெல்லாம் விடுங்கள். நஞ்சுக்கொடியின் முதிர்ச்சி 'கிரேடு 2' என்பதும் இந்த மாதத்தில் சாதாரணம்.

மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிய அமினோ அமிலப் பொடியை இன்றே நிறுத்துங்கள். வீடியோ பார்த்து மருந்து சாப்பிடும் காலமா இது?

அடுத்த ஸ்கேனுக்கு மூன்றாம் மாத ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். பிரசவத் தேதி அதில் குறித்ததுதான், இந்த ஸ்கேனில் இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கும் தேதி அல்ல.