புத்தக மூலை: மருந்து மாதிரி நீட்டாதீங்க

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு, காதுல மெஷின் போட்டிருக்கா. புது ஸ்கூல்ல எல்லாரும் உத்துப் பாக்கறாங்கன்னு முடிய விரிச்சு விட்டு காதை மறைக்க ஆரம்பிச்சுட்டா. தைரியம் குடுக்கற மாதிரி ஒரு புக் சொல்லுங்களேன், ஆனா அவளைக் குத்திக் காட்டற மாதிரி இருக்கக் கூடாது.
- ஒரு அம்மா

பதில்: சிசி பெல் எழுதி வரைஞ்ச 'எல் டெஃபோ', 2014ல வந்த காமிக்ஸ். சிசிக்கு 4 வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது கேக்காம போயிடுச்சு, அந்தக் கதையத்தான் சொல்றாங்க, ஆனா அதுல வர்றவங்க எல்லாரும் முயல்! ஊரே நீளக் காதோட திரியுது, ஒரே ஒரு முயலுக்கு மட்டும் காதுலருந்து வயர் தொங்குது, அந்தப் பொண்ணு மனசுல என்ன ஓடும்னு தனியா எழுதவே வேண்டாம் பாருங்க. ஸ்கூலுக்குப் போறப்ப நெஞ்சுல கட்டிக்கிற பெரிய மெஷின், டீச்சர் கழுத்துல மைக். டீச்சர் மைக்கை ஆஃப் பண்ண மறந்துட்டு வெளிய போனா ஸ்டாஃப் ரூம் பேச்சும் இவளுக்குக் கேக்கும், பாத்ரூம் சத்தமும் கேக்கும். மறைக்கணும்னு நெனச்ச மெஷினே சூப்பர் பவர் ஆயிடுது. எனக்கு இன்னும் மனசுல நிக்கறது வேற இடம்: ஒரு ஃப்ரெண்ட் இவகிட்ட மட்டும் வார்த்தைய இழுத்து இழுத்து சத்தமா பேசுவா, நல்ல மனசோடதான் பேசறா, இவளுக்கோ பத்திக்கிட்டு வருது. நானும் எத்தனை பேர்கிட்ட அப்படிப் பேசியிருக்கேன்னு சுருக்குன்னுச்சு.

ஆனா ஒண்ணு, "உனக்குன்னே வாங்கினேன்மா"ன்னு சொல்லி நீட்டிடாதீங்க, மருந்து பாட்டில் மாதிரி ஆயிடும். முதல்ல நீங்க உக்காந்து படிங்க, பாத்ரூம் இடம் வந்தா எப்படியும் சிரிச்சுடுவீங்க, என்னம்மான்னு அவளே எட்டிப் பாப்பா. பாக்கலையா, விட்ருங்க. அவ முடி, அவ இஷ்டம்.

கேள்வி: என் பையனுக்கு இந்த மாதிரி பிரச்சனை ஒண்ணும் கிடையாது. அவன் ஏன் இதெல்லாம் படிக்கணும்?
- ஒரு அப்பா

பதில்: அவன்தான் சார் முக்கியமா படிக்கணும். ருடின் சிம்ஸ் பிஷப்னு ஒரு பேராசிரியை 1990லயே சொன்னாங்க, புக்ங்கறது சில நேரம் நம்ம முகத்தைக் காட்டற கண்ணாடி, சில நேரம் அடுத்தவங்க வாழ்க்கைய பாக்கற ஜன்னல், சில நேரம் தள்ளிட்டு உள்ளயே போயிடற கதவுன்னு. எப்பவும் தன் முகத்தையே பாத்து வளர்ற பிள்ளைக்கும் அது நல்லதில்லன்னு அப்பவே எழுதிட்டாங்க.

2012ல வந்த 'வொண்டர்' குடுத்துப் பாருங்க, ஆர்.ஜே. பலாசியோ எழுதினது. ஆகீன்னு ஒரு பையன், பிறவியிலயே முகம் வேற மாதிரி. ஹாலோவீன் அன்னிக்கு முகமூடி போட்டுட்டு கிளாஸ்ல உக்காந்திருக்கான், அது இவன்தான்னு தெரியாம உயிர் நண்பன் ஜாக் இவனைப் பத்தியே கேவலமா பேசறான். உங்க பையன் அந்த இடத்துல ஆகீக்காக அழுதா சரி, ஆனா ஜாக் வாய்ல வந்த மாதிரி நாமளும் எங்கயாவது பேசியிருக்கோமான்னு ஒரு நிமிஷம் முழிச்சான்னா, புக்குக்குக் குடுத்த காசு வந்தாச்சு. கடைசில மெடல் குடுத்து அரங்கமே எந்திரிச்சு கைதட்டறது மட்டும் எனக்கு ஒட்டல, சாதாரணமா ஏத்துக்க இவ்வளவு பெரிய விழாவா?

கேள்வி: எனக்கு 13 வயசு. மத்தவங்கள்லருந்து வித்தியாசமா இருக்கற எங்களை மாதிரி பிள்ளைங்க புக்ல வந்தாலே ஒரே சோகக் கதையா இருக்கே, ஜாலியா எதுவும் கிடையாதா?

பதில்: சரியா கேட்ட கண்ணு! 1962ல எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'தி ஸ்னோயி டே'ன்னு ஒரு படப் புத்தகம் போட்டார். பீட்டர்னு ஒரு கறுப்பினச் சின்னப் பையன், சிவப்பு டிரெஸ்ஸ மாட்டிட்டு பனில விளையாடறான், ஒரு பனி உருண்டைய பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடறான், அப்புறம் பாத்தா உருகிப் போச்சு. அவ்வளவுதான் கதை, அவன் கஷ்டப்படவும் இல்ல, யாருக்கும் பாடம் சொல்லவும் இல்ல. அமெரிக்காவுல 1962லருந்து 64 வரைக்கும் வந்த 5,000க்கும் மேல குழந்தைங்க புத்தகத்தை நான்சி லாரிக்னு ஒரு கல்வியாளர் அலசினப்ப, கறுப்பினத்தவர் ஒருத்தராவது வர்றது வெறும் 6.7 சதவீதம். அப்ப அந்தப் பனி உருண்டை எவ்வளவு பெருசுன்னு பாத்துக்க. உன் வயசுக்குன்னா ஜெர்ரி கிராஃப்டோட 'நியூ கிட்' படி, அமெரிக்காவுல குழந்தைங்க புத்தகத்துக்குக் குடுக்கற பெரிய விருதான நியூபெரி மெடலை 2020ல வாங்கின முதல் கிராஃபிக் நாவல் (காமிக்ஸ் மாதிரி படத்துலயே சொல்ற நாவல்) அது. டீச்சர் ஒரு பையனை வேற யாரோ பேரச் சொல்லியே கூப்பிட்டுட்டு இருப்பாங்க, சிரிப்பும் வரும் கடுப்பும் வரும்.

கேள்வி: எல்லாமே படம் போட்ட புக்கா சொல்றீங்க, இதெல்லாம் படிப்புல சேருமா?
- ஒரு தாத்தா

பதில்: 2011ல வந்த 'பீமாயணா'வைப் புரட்டுங்க ஐயா, அம்பேத்கர் வாழ்க்கை, துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைஞ்ச கோண்டு பழங்குடி ஓவியம். அன்பா பேசறவங்க வசனம் பறவை வடிவத்துல இருக்கும், சாதி வெறில பேசறவங்க வசனத்துக்குத் தேள் கொடுக்கு முளைச்சிருக்கும். பேரப்பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு, எழுத்தை மூடிட்டு, யார் எப்படிப்பட்ட ஆளுன்னு கேளுங்க. பட்டுன்னு சொல்லிடுவான்.