களைப்புக்கு மைட்டோகாண்ட்ரியா மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ பாதி முடிந்திருக்கிறது. எழுந்து நடக்கவே முடியாத களைப்பு. நேரடி விற்பனையில் இருக்கும் உறவினர் ஒருவர், "கீமோ, உடம்பின் அணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்துவிடும், இதைக் கொடுத்தால் சரியாகும், நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு" என்று ஒரு தொகுப்பை வாங்கச் சொல்கிறார். அதில் கோஎன்சைம் க்யூ10, அசிட்டைல் எல்-கார்னிட்டின், என்எம்என் இருக்கின்றன. மாதம் 9,800 ரூபாய். டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்று பயம். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போது வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவைப் பிரிக்காமல் வையுங்கள்.

முதலில் அந்த நோபல் பேச்சு. ஆக்சிஜன் இருந்தாலும் புற்றணுக்கள் சர்க்கரையை நொதிக்க வைத்தே வாழ்கின்றன என்று 1920களில் கண்டவர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். மைட்டோகாண்ட்ரியா பழுதாவதுதான் புற்றுநோய்க்கு மூலம் என்பது அவர் கருத்து. ஆனால் 1931-இல் அவருக்கு நோபல் கிடைத்தது சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. பெரும்பாலான புற்றணுக்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது என்பதும் பின்னால் தெரிந்துபோனது. ஆகவே உறவினரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாத்திரை யாருடைய மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தெம்பு கொடுக்கும், அம்மாவின் நல்ல அணுவுக்கா, கட்டிக்கா?

மூன்று சரக்கில் எனக்கு அதிகம் கவலை தருவது அசிட்டைல் எல்-கார்னிட்டின். பக்லிடாக்செல் போன்ற டாக்ஸேன் வகைக் கீமோ மருந்துகள் ஏறும்போது கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற எரிச்சல் எல்லாம் வரும். அதைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்காரப் பெண்கள் 409 பேரிடம் சோதித்தார்கள். தினமும் 3 கிராம், 24 வாரம். 2013-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மரத்துப்போவது குறையவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடியிருந்தது! கை கொடுக்கும் என்று நம்பியது காலை வாரிவிட்டது. அம்மாவின் மருந்துச் சீட்டில் டாக்ஸேன் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கோஎன்சைம் க்யூ10-ஐக் களைப்புக்கென்றே சோதித்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த பெண்கள் 236 பேர், தினம் 300 மில்லிகிராம், 24 வாரம். களைப்பில் வித்தியாசமே இல்லை. சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று தோன்றும். அங்கேயும் ஒரு உறுத்தல் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வில், ஏ, சி, இ வைட்டமின்கள், கரோட்டினாய்டுகள், க்யூ10 ஆகிய ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கீமோவுக்கு முன்னும் கீமோ நடக்கும்போதும் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது சற்று அதிகமாகத் தெரிந்தது. அப்படிச் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கீமோ நடக்கும்போது தள்ளிவைக்க அது போதும்.

என்எம்என் உடம்பில் என்ஏடி என்ற பொருளைக் கூட்டுவதற்கானது. கட்டிகளுக்கும் அது வேண்டும். அதனால்தான் என்ஏடி உற்பத்தியைத் தடுக்கும் பொருள்களைப் புற்றுநோய் மருந்தாக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். உங்கள் உறவினர் விற்பதோ கூட்டுவதை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். பக்கத்தில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி "அரசாங்கமே அங்கீகரித்தது" என்பார்கள். அது உணவுப்பொருள் விற்பதற்கான உரிமம். மாத்திரை வேலை செய்யும் என்பதற்கான சான்று அல்ல.

களைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம், சாப்பாடு, வலி என்று டாக்டர் பார்க்க வேண்டியவை பல. அவர் அனுமதித்தால் தினமும் கொஞ்சம் நடப்பது கீமோ களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதற்குக் காசும் இல்லை. டாக்டர் திட்டுவார் என்றால் திட்டட்டும். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். "மைட்டோகாண்ட்ரியாவை எழுப்பும், புற்றைக் கரைக்கும்" என்ற விளம்பரம் பார்த்து இணையத்தில் மெத்திலீன் ப்ளூ சொட்டு மருந்து வாங்கிவிட்டேன். அப்பா மனச்சோர்வுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? – வாசகர், கோவை

பதில்: பணம் அப்புறம். கொடுக்க ஆரம்பித்திருந்தால் சொட்டை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மனச்சோர்வு மருந்துகள் பலவற்றோடு மெத்திலீன் ப்ளூ சேர்ந்தால் மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்தது. நடுக்கம், குழப்பம், காய்ச்சல் தெரிந்தால் நேரே அவசரப் பிரிவு. ஆனால் மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்தச் சாயம் சிவப்பணுக்களையும் உடைக்கும். மெத்திலீன் ப்ளூவுக்கு மருத்துவமனையில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் ஒரு கோளாறுக்கு ஊசியாக ஏற்றுவார்கள். மீன் தொட்டியில் பூஞ்சைக்கு ஊற்றுவதும் இதே சாயம்தான்.

இனி பணம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே மறைந்துவிடலாம். பில், பார்சல் உறை, விற்றவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இணைய வணிகத் தளத்தின் குறைதீர் அதிகாரி உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் கோவை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆராய்ச்சியில் இருக்கும் மருந்து என்கிறார்களே, ஆராய்ச்சி முடியும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா? – வாசகர், மதுரை

பதில்: நியாயமான கோபம். 2007-இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் டிசிஏ என்ற மலிவான ரசாயனம் எலிகளின் கட்டியைச் சுருக்கியது. அதுவும் மைட்டோகாண்ட்ரியா கதைதான். புற்றுநோயாளிகளிடம் சோதிப்பதற்குள் ஒருவர் அதை வளர்ப்பு விலங்குகளுக்கு என்ற பெயரில் இணையத்தில் விற்கத் தொடங்கினார். வாங்கியவர்களில் பலர் புற்றுநோயாளிகள். அந்த ஆண்டே அமெரிக்க அதிகாரிகள் அதை நிறுத்தினார்கள். டிசிஏ நரம்புகளைப் பாதிக்கக்கூடியது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு வழி, முறையான சோதனையில் சேர்வதுதான். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். "ஆராய்ச்சி மருந்து" என்று விற்க வருபவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கொடுத்தால் அதில் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் பேசிவிடலாம்.