கைதட்டிப் பறக்கவைத்த கூட்டம்

ஐயா,
போன டிசம்பரில் நண்பர்களோடு தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பறவை பார்க்கப் போனோம். புத்தகத்தில் பழுப்புத்தலைக் கடற்காக்கை என்று இருக்கிறது, நாங்கள் பார்த்த எதற்கும் தலை பழுப்பாக இல்லை. வேறு இனமா? பக்கத்து உப்பளத்தில் கொசு உள்ளான் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கைதட்டிப் பறக்கவைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். இந்த வருடம் எந்த லென்ஸ் வாங்கலாம்?
வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள தம்பி,

அதே இனம்தான். அந்தப் பழுப்பு இனப்பெருக்கக் காலத்து நிறம். குளிர்காலத்தில் உதிர்ந்துபோய் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சும். லென்ஸ் பற்றிக் கடைக்காரரைக் கேளுங்கள்.

அந்தப் படத்தைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொசு உள்ளான் சுமார் 25 கிராம். மளிகைக் கடையில் 50 கிராம் கடுகுப் பொட்டலம் வாங்குவோமே, அதில் பாதி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆர்க்டிக் கரையிலிருந்து நம் உப்பளம் வரை வந்து, நாளெல்லாம் சேற்றைக் கொத்திக் கொத்தித் தின்று, மறுபடி அவ்வளவு தூரம் திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். நீங்கள் ஒரு தடவை தட்டினீர்கள், சரி. அடுத்து வந்தவர்? அதற்கடுத்தவர்? பத்து கேமரா வந்தால் பத்துத் தடவை எழும்ப வேண்டுமா அது? உங்கள் படத்தைப் பெரிதாக்கி இடது ஓரம் பாருங்கள். ஒன்றுக்கு ஒரு கால் இன்னும் தொங்குகிறது. ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை.

என் அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பறவைப் பெயர் எதுவும் தெரியாது. மழைக்காலம் முடிகிற சமயம் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கு ஒரு கரும்சாம்பல் வாலாட்டி வரும், அடிவயிறு மஞ்சள், வாலை ஆட்டியபடியே கல்லுக்குக் கல் தாவும். குடத்தோடு போன அப்பா அது நகரும்வரை கரையிலேயே நிற்பார். உலை வைக்கத் தண்ணி எங்கே என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். “விருந்தாளி சாப்பிடுறான், இரு” என்பார்.

இந்த வருடமும் வாலாட்டி வந்துவிட்டது. குடம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

தூத்துக்குடிக்குத் தாராளமாகப் போங்கள். துறைமுகத்துக் கற்களில் கல்திருப்பி உள்ளான் சிப்பியைப் புரட்டுவதை உட்கார்ந்து பாருங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு காலை உங்கள் சேலத்து மூக்கனேரிக்கு வாருங்கள், நானும் மலையிறங்கி வருகிறேன். அன்றைக்கு மட்டும் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும்.