எஃப். லீ பெய்லியிடம் ஒரு சட்ட மாணவி கற்றுக்கொள்ள வேண்டியது

கேள்வி: நான் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. குற்றவியல் வழக்குகளை நடத்தவே விரும்புகிறேன். அமெரிக்க வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியின் குறுக்கு விசாரணைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவரிடமிருந்து எதைப் பின்பற்றலாம்? அவ்வளவு புகழ் பெற்றவர் தொழில் உரிமத்தை இழந்தது ஏன்?

பதில்: வழக்கைத் தயார் செய்த அவருடைய முறையைப் பின்பற்றுங்கள். ஹெலிகாப்டர் தயாரிக்கும் நிறுவனத்தை வாங்கி நடத்தியதும், தொலைக்காட்சியில் ஓயாமல் தோன்றியதும் அவர் பெயரைப் பரப்பின. ஆனால் 1933இல் மாசசூசெட்ஸில் பிறந்து, ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டு, மரீன் படையில் விமானியாகப் பணியாற்றிய பெய்லி, பிறகு சட்டம் பயின்ற காலத்திலேயே துப்பறியும் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். சாட்சியைக் கூண்டில் சந்திப்பதற்கு முன்பே அவர் சொல்லப்போவதைச் சரிபார்த்துவிடும் பழக்கம் அங்கேதான் படிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

மனைவியைக் கொன்றதாக 1954இல் தண்டிக்கப்பட்ட ஓஹையோ மருத்துவர் சாம் ஷெப்பர்டின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலையணையில் பதிந்த இரத்தக் கறை ஓர் அறுவை சிகிச்சைக் கருவியின் வடிவம் என்று மரண விசாரணை அதிகாரி சாமுவேல் கெர்பர் முதல் விசாரணையில் சாட்சியம் அளித்திருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் மருத்துவர் என்பதால், அந்த ஒரு சொல்லே அவர் பக்கம் விரல் நீட்டியது. பத்திரிகைகளின் கூச்சலை நீதிபதி கட்டுப்படுத்தத் தவறினார் என்று கூறி உச்ச நீதிமன்றம் 1966இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணையில் அந்தக் கருவி எங்கே என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார் ஷெப்பர்டுக்காக வாதாடிய பெய்லி. நாடு முழுவதும் தேடியும் அப்படி ஒரு கருவி கிடைக்கவில்லை என்று கெர்பர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பழைய சாட்சியத்தை வரிவரியாகப் படிக்காதவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. ஷெப்பர்டைக் கூண்டில் ஏற்றாமலே பெய்லி அவருக்கு விடுதலை வாங்கித் தந்தார். அந்த அடக்கத்தையும் கவனியுங்கள்.

1995இல் முன்னாள் மனைவி உள்ளிட்ட இருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கில், அரசுத் தரப்புச் சாட்சியான காவல் துப்பறிவாளர் மார்க் ஃபர்மனிடம், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கடந்த 10 ஆண்டுகளில் பயன்படுத்தியதுண்டா என்று பெய்லி மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் இல்லை என்ற பதிலே வந்தது. பெய்லிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றே பலர் அன்று எழுதினார்கள். சில மாதங்களில், ஃபர்மன் அந்தச் சொல்லைப் பலமுறை உச்சரிக்கும் ஒலிநாடாக்கள் வெளிவந்தபோது, தப்பிக்க இடம் வைக்காத அந்த மறுப்பே அவரைப் பொய்ச்சாட்சி வழக்கு வரை இழுத்துச் சென்றது. பதில் பாதகமாக வந்தால் சாட்சியோடு மல்லுக்கு நிற்பது நம் ஜூனியர்கள் பலரிடம் நான் காணும் குறை. நம் நீதிமன்றங்களில் இன்று ஜூரி இல்லை. தீர்ப்பு எழுதும் நீதிபதி சாட்சியப் பதிவைத்தான் புரட்டுகிறார். தெளிவான ஒரு மறுப்பு அதில் ஏறிவிட்டால், இறுதி வாதத்தில் அது உங்கள் கைமுதல்.

எல்லா வழக்கையும் அவர் வென்றுவிடவில்லை. வங்கிக் கொள்ளை வழக்கில் அவர் வாதாடிய பேட்டி ஹெர்ஸ்ட் என்ற பெண் 1976இல் தண்டிக்கப்பட்டார். ஆனால் பெய்லியை வீழ்த்தியது தோற்ற வழக்கு அல்ல, கட்சிக்காரரின் சொத்து. போதைப்பொருள் கடத்தல் வழக்கில் சிக்கிய ஒருவருடைய மருந்து நிறுவனப் பங்குகள், ஏறத்தாழ 60 லட்சம் டாலர் மதிப்புள்ளவை, 1994இல் பெய்லியின் பொறுப்புக்கு வந்தன. அவற்றின் விலை பல மடங்கு ஏறியதும், அவை தமக்குக் கட்டணமாகத் தரப்பட்டவை என்றார் பெய்லி. பறிமுதலாகி அரசுக்குச் சேர வேண்டியதை அவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருந்தார் என்றது அரசு. நீதிமன்ற உத்தரவுக்குப் பணியாததால் 1996இல் 44 நாள் சிறையில் இருந்தார். கட்சிக்காரரின் சொத்தைத் தம் பணத்தோடு கலந்துவிட்டார் என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக ஃப்ளோரிடா 2001இல் அவருடைய உரிமத்தைப் பறித்தது. மாசசூசெட்ஸும் 2003இல் அவ்வாறே செய்தது. எண்பதை நெருங்கும் வயதில் மேய்ன் மாநிலத்தில் தேர்வெழுதித் தேறியும், 2014இல் அங்கும் உரிமம் மறுக்கப்பட்டது. 2021இல் காலமானார்.

கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளும் சொல்கின்றன. எனவே கட்டணம் இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீனியரிடம் சேர்ந்த முதல் வாரத்தில், முடிந்துபோன ஒரு கொலை வழக்கின் கட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கட்சிக்காரர் பணத்தை அவர் எந்தப் புத்தகத்தில், எப்படிப் பதிகிறார் என்பதையும் கூடவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.