குரோமில் சிங்க் ஆன் செய்தால் என் ஹிஸ்டரி, பாஸ்வேர்டுகளை கூகுளால் படிக்க முடியுமா?

வழக்கமான அமைப்பில், முடியும். சிங்க் என்பது பிரவுசர் தகவல்களை கூகுள் சர்வர் வழியாக உங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல வைக்கும் வசதி. தகவல்கள் என்கிரிப்ட் ஆகித்தான் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறித்தான்) சர்வருக்குப் போகின்றன. ஆனால் சாவி பொதுவாக கூகுளிடமே இருக்கிறது. சிங்க் அமைப்புகளில் உங்களுக்கென்று ஒரு பாஸ்ஃபிரேஸ் (உங்களுக்கு மட்டுமே தெரிந்த தனி ரகசியச் சொற்றொடர்) வைத்துவிட்டால் கூகுளாலும் படிக்க முடியாது. அதை மறந்தால் சர்வரில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

பயர்பாக்ஸ் பிரவுசரின் சிங்கில் இந்தப் பாதுகாப்பு தொடக்கத்திலேயே உண்டு. கணக்கின் பாஸ்வேர்டைக் கொண்டு சாவி உங்கள் கருவியிலேயே உருவாகிறது. எனக்கு இதுவே நேர்மையான முறையாகப் படுகிறது. 2018இல் வந்த குரோம் 69, ஜிமெயிலில் நுழைந்தாலே பிரவுசரிலும் லாகின் செய்துவிட்டது (சிங்க் மட்டும் தானாக ஆன் ஆகவில்லை). கடும் எதிர்ப்புக்குப் பிறகே அதைத் தடுக்கும் வசதி அடுத்த பதிப்பில் வந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ சிங்க் வேண்டவே வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டுகள் அந்தக் கணினியிலேயே இறங்கிவிடும். பாஸ்ஃபிரேஸ் அங்கே உதவாது.