கைவேலைக்கு ஒரு விலாசம் வேண்டும்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. இரண்டு வருடமாக வீட்டிலேயே படிப்பிக்கிறேன். டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு. “எங்களுக்கு எப்ப லீவு?” என்று மகன் தினமும் கேட்கிறான். அதற்காக நாளுக்கு ஒன்றாக முப்பது கைவேலைகள் தேடி எடுத்து, சாமான்களும் வாங்கி வைத்தேன். மூன்றாம் நாளே “இதுவும் பாடம்தானே அம்மா” என்று மகள் எழும்பிப் போய்விட்டாள். செய்தவை எல்லாம் மேசைக்குக் கீழே கிடக்கின்றன. எங்களோடு இருக்கும் மாமி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவ. “பள்ளிக்கூடமும் இல்லை, படிப்பும் இல்லை, வெட்டி ஒட்டிக்கொண்டிருக்குதுகள்” என்று மனம் நோகப் பேசுகிறா. பொங்கல் வரைக்கும் பிள்ளைகளை என்ன செய்விக்கலாம்? நீங்கள் ஒரு நல்ல பட்டியல் தரவேண்டும்.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். திங்கள் பனிமனிதன், செவ்வாய் காகிதத் தட்டில் கலைமான், புதன் பஞ்சு ஒட்டிய தாடி. எல்லாம் காலை ஒன்பது மணிக்கு, பாடம் படிக்கும் அதே மேசையில், படிப்பிக்கும் அதே அம்மாவோடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு லீவு வந்தால் இடம் மாறும், ஆள் மாறும், எழும்பும் நேரம் மாறும். உங்கள் பிள்ளைகளுக்கு மாறியது மேசையில் கிடக்கும் சாமான் மட்டும்தான். பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடிக்காமல் இருக்குமா?

ஆகவே முதல் வேலை, லீவு விடுவது. நாட்காட்டியில் ஒரு திகதியைப் போட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பொங்கல் கழிந்து எந்தத் திங்கட்கிழமை அது கீழே இறங்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இடையில் “இதில் எத்தனை முக்கோணம் இருக்கு சொல்லு பார்ப்போம்” என்ற கேள்வி உங்கள் வாயில் வரும். வீட்டில் படிப்பிக்கிற எந்தத் தாய்க்கும் வரும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அவர்கள் தாமாக எண்ணிப் பார்த்துச் சொன்னால் கேட்டு மகிழுங்கள், அவ்வளவுதான்.

மகன் கேட்பது வேறு விஷயம். அவனுக்குக் கைவேலை வேண்டாம், கூட்டாளிகள் வேண்டும். வருடம் முழுக்க அவன் பகலில் தனியாக இருக்கிறான். இப்போது மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் நிற்கிறார்கள். இது அவனுக்கு லீவு காலத்தில் மட்டும் கிடைக்கிற வாய்ப்பு. அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைத்து, வாளி நிறையத் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்தால் போதும், வேறு அழைப்பு தேவையில்லை. நான் கீழே சொல்லப்போகிற வேலைகள் எல்லாம் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து செய்தால்தான் சிறக்கும்.

இனிக் கைவேலை. உங்கள் மேசைக்குக் கீழே கிடப்பவற்றில் ஒன்றுக்கும் போகுமிடம் இல்லை. யாருக்காகச் செய்தோம், எந்த நாளுக்காகச் செய்தோம், எங்கே தொங்கப் போகிறது என்று தெரியாமல் செய்த பொருளை அதைச் செய்த பிள்ளையே மதிக்காது. இருபத்தைந்தாம் திகதிக்குள் முடிக்க வேண்டும், கீழ்வீட்டு அன்ரி வாசலில் தொங்க வேண்டும் என்றால் அதே பிள்ளை இரவில் எழும்பிவந்து பசை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும். அதனால் முப்பதை மூன்றாக்குங்கள். மூன்றுக்கும் விலாசம் இருக்கட்டும்.

முதலாவது, நத்தார் நட்சத்திரம். கடையில் மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரம் நிறையக் கிடைக்கிறது. ஆனால் மூங்கிலும் டிஷூத் தாளும் சேர்த்துக் கட்டிய நட்சத்திரத்தின் வெளிச்சம் தனி அழகு. உங்களுக்குக் காணி வளவு ஒன்றும் தேவையில்லை. சுப்பர்மார்க்கட்டில் பார்பிகியூவுக்கு விற்கும் 30 சென்ரிமீற்றர் மூங்கில் குச்சிகளை வாங்கிக் கூர் நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள். ஒரு நட்சத்திரத்துக்குப் பத்துக் குச்சி, குறுக்குத் துண்டுகளுக்கு ஒன்று, முறிந்தால் மாற்ற இன்னும் இரண்டு. ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டால் முறியாமல் வளையும்.

ஐந்து குச்சியில் ஒரு முகம். ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 11.5 சென்ரிமீற்றர் தள்ளிப் பேனையால் அடையாளம் வையுங்கள். நடுவில் 7 சென்ரிமீற்றர் மிஞ்சும். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அந்த அடையாளங்களில் விழுந்தால் நட்சத்திரம் கோணாமல் வரும். ஒவ்வொரு குச்சியும் ஒன்றுக்கு மேலாலும் அடுத்ததற்குக் கீழாலும் போகட்டும். அப்படிப் பின்னிவிட்டால் நூல் கட்டுமுன்பே அது தானாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு மிகவும் பிடிக்கப்போகிற கணம் அதுதான், ஆகவே அந்த வேலையை அவள் கையில் விட்டுவிடுங்கள். இதேபோல் இரண்டாவது முகம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து நுனிகளையும் நூலால் இறுக்கிக் கட்டியபின், உள்ளே குச்சிகள் வெட்டும் ஐந்து இடங்களிலும் 5 சென்ரிமீற்றர்த் துண்டு ஒவ்வொன்றைக் குறுக்காகக் கொடுத்தால் நடு பொம்மிக்கொண்டு நிற்கும்.

டிஷூத் தாளைச் சட்டத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, அந்த விளிம்பில் பசை பூசிக் குச்சியைச் சுற்றி மடித்து ஒட்ட வேண்டும். பைண்டர் கம் வேண்டாம், தாள் ஊறிக் கிழியும். ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா கரைத்து, மெல்லிய நெருப்பில் பளபளக்கும்வரை துழாவி ஆறவிடுங்கள். துழாவுகிற வேலை சின்னவனுக்கு, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். கொழும்புப் புழுக்கத்துக்கு மறுநாளே புளித்துவிடும், எறும்பும் கரப்பானும் தேடி வந்துவிடும். மழை நாளில் ஒட்டாதீர்கள். உள்ளே மெழுகுதிரி வைக்க வேண்டாம், பற்றரியில் எரியும் சின்ன மின்குமிழ்ச் சரம் போதும். ஒரு பக்கத்து நுனியில் தாள் ஒட்டாமல் விட்டால் சரத்தை உள்ளே விடலாம்.

ஒன்றைக் கட்டி முடிக்க மூன்று நான்கு பின்னேரம் போகும். போகட்டும். உங்கள் மாடியில் நத்தார் கொண்டாடும் குடும்பம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கதவில் அது தொங்கட்டும். இரண்டாவதைக் கட்டினால் உங்கள் பல்கணியில்.

இரண்டாவது விலாசம், தட்டு. கொழும்புத் தொடர்மாடியில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நத்தாருக்குக் கீழிருந்து கேக் வரும். ரவையும் கஜுவும் போட்டுச் செய்த நம்மூர்க் கேக், துண்டு துண்டாக வண்ணத் தாளில் சுற்றியிருக்கும். பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கலும் வடையும் போகும். நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வீட்டு வட்டிலப்பம் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத பழக்கம் இன்றும் இருக்கிறது. இந்த முறை தட்டு வேலை பிள்ளைகளுடையதாகட்டும். பிரிஸ்டல் போர்ட்டில் சின்னப் பெட்டிகள் வெட்டி மடிப்பது, மேலே அந்த வீட்டுக்காரரின் பெயரை அவரவர் எழுத்திலேயே எழுதுவது. கீழ்வீட்டுக்குச் சிங்களத்தில் எழுத வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பிள்ளையையே கேட்டு எழுதட்டும். படியேறிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்களே. நீங்கள் பின்னால் போக வேண்டாம்.

மூன்றாவது பொங்கல். இங்கேதான் மாமிக்கு வருகிறேன்.

மாமியின் பேச்சு உங்களை நோகடிக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் இதை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அதில் அவவுக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. ஊரில் முற்றம் மெழுகி, மாவிடித்து, தோரணம் கட்டி வளர்ந்த மனுசிக்கு இங்கே ஒரு கதிரையும் தொலைக்காட்சியும் கொடுத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் கணினியைப் பார்த்துப் பனிமனிதன் செய்கிறார்கள். அவவிடம் போய், “மாமி, இந்தமுறை பொங்கல் தோரணம் எங்கட வீட்டிலேயே கட்டுவம், பிள்ளையளுக்கு நீங்கள்தான் காட்டிக்குடுக்க வேணும்” என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், சமாதானத்துக்காகக் கேட்பதாகவும் காட்ட வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

குருத்தோலைக்குப் பூக்கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பொங்கலுக்கு முதல் இரண்டு மூன்று நாளும் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் மாவிலை, கரும்பு, மண்பானை எல்லாம் வந்திறங்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓலையிலிருந்து ஈர்க்கை உரிப்பதே ஒரு பழக்கம். அவசரப்பட்டால் ஓலை நடுவில் கிழியும். நல்ல காரியத்துக்குக் கட்டும் தோரணமும் செத்த வீட்டுக்குக் கட்டும் தோரணமும் வேறு. அந்த வித்தியாசத்தை மாமி தன் கையால் மடித்துக் காட்டட்டும். மிஞ்சிய ஓலையில் கிளி, பாம்பு, பந்து, காற்றாடி என்று சின்னவன் கேட்டதெல்லாம் வரும். உரித்த ஈர்க்கை எறியாதீர்கள், மாமி ஒரு விளக்குமாறு கட்டிவிடுவா.

கோலத்துக்கு முற்றம் இல்லையே என்று யோசிப்பீர்கள். வாசல் கதவுக்கு வெளியே இருக்கும் ஒரு சதுர ஓட்டுத் தரை போதும். ஊரில் உலக்கையை வைத்து நேராக மாக்கோடு இழுப்பது மாமிக்கு நினைவிருக்கும், இங்கே அடிமட்டம் உதவும். சின்னவனுக்கு விரலிடுக்கால் மா வழிய விடுவது வராது, கட்டி கட்டியாக விழும். விழட்டும், அதைத் துடைத்துத் திருத்தாதீர்கள். கோலப்பொடி வாங்காமல் அரிசி மாவே பாவியுங்கள், எறும்பு தின்று முடிக்கும்.

மகள் பட்டம் கட்டலாமா என்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கட்டலாம், ஆனால் ஏமாற்றம் வராமல் காற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வடக்கில் இப்போது வாடைக் காற்று. அதனால்தான் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழாவே நடக்கிறது. கொழும்பில் காலிமுகத்திடல் பட்டங்களால் நிறைவது ஆகஸ்ட், செப்டம்பரில், கடலிலிருந்து தென்மேற்குக் காற்று அடிக்கும்போது. இப்போது பின்னேரக் கடற்காற்றுக்குச் சின்னப் பட்டம் ஏறும், கொக்குப் பட்டம் ஏறாது. முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கும் இழைக்கட்டு, கட்டும் பக்குவத்தை மாமியின் தம்பிமார் யாரிடமாவது தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பெரிய பட்டத்தை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வெளியே போக ஒரு இடம் சொல்கிறேன். நூதனசாலையும் நூலகமும் நீங்கள் வருடம் முழுக்கப் போகிற இடங்கள், லீவில் வேண்டாம். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் காலையில் வெள்ளெனப் போங்கள். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம் நம்முடைய கொழும்பு. தாழைக்கோழியும் நீர்க்காகமும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இந்த மாதங்களில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவியும் இங்கே வந்திருக்கும். காலை ஆறு மணிவாக்கிலும் மாலை ஆறு மணிவாக்கிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கிற சின்னப் பறவை. ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். மரமுள்ள வளவு இருந்தால் வெள்ளவத்தையிலும் கேட்கலாம், பல்கணியில் இருந்தே காது கொடுக்கலாம். கொப்பியும் பென்சிலும் கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டுப் பொதி கொண்டு போங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றும் இல்லாத பகல்கள் நிறைய வரும். “அம்மா, போரடிக்குது” என்று வந்து நிற்பார்கள். உடனே எழும்பி எதையாவது எடுத்துக் கொடுக்காதீர்கள். வாங்கி வைத்த மினுக்கம், பஞ்சு, ஐஸ்கிரீம் குச்சி எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் தேத்தண்ணி குடியுங்கள். அந்தக் கூடையில் இருந்து அவர்கள் எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், அது அவர்கள் லீவு. உங்களுக்கும் இது லீவுதான் தங்கச்சி. இரண்டு வருடமாக அம்மாவாகவும் ஆசிரியையாகவும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஒரு மாதத்துக்கு ஆசிரியை வேலையை உண்மையிலேயே இறக்கி வையுங்கள்.

நட்சத்திரம் சரியாக வந்துவிட்டால் மே மாதம் வெசாக்குக்குத் தொங்கவிடும் காகித விளக்கான வெசாக் கூட்டுக்கும் கை பழகிவிடும். ஒரே நீளத்தில் 24 குச்சி. நாலு நாலாகக் கட்டி ஆறு சதுரம். நான்கு சதுரங்களை மூலையோடு மூலை சேர்த்து வளையமாக்கி, மேலே ஒன்று கீழே ஒன்று கட்டினால் இடையில் எட்டு முக்கோணங்கள் தாமாக விழும். பார்பிகியூ குச்சியில் சின்னக் கூடு வரும், பெரிய கூட்டுக்கு மூங்கிலைச் சீவி எடுக்க வேண்டும். அதைக் கீழ்மாடிச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் வீட்டில் இருந்து கட்டச் சொல்லுங்கள், அவர்களுக்கு அந்த வேலை நம்மைவிட நன்றாகத் தெரியும்.